கல்லுக்குள் அடைபட்ட துளி: பூமிக்கடியில் இருக்கும் சூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்காய் பட்டணத்தைத் தாண்டி சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குப் போகும் வழியெல்லாம் செம்பனைதான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் ஒரு காலையாவது அத்தையை அங்கே அழைத்துப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஆயர் பானாஸ்’ என்றுதான் பேச்சு. அத்தை வீட்டிலிருந்தே முட்டை எடுத்து வருவார். கூடையோடு முட்டையைக் கொதிநீரில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம்.

இந்த முறை முட்டை வேகும் நேரத்தில் அத்தை கேட்டார்: “ஏன்யா, மேல வந்த தண்ணிக்கே இவ்ளோ சூடுன்னா, அடியில எவ்ளோ சூடு இருக்கும்? உள்ள போய்ப் பார்த்துட்டா வந்து சொல்றாங்க?”

நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். நீர் மேலே ஏறி வரும் வழியில் பாறைக்குச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. மழைநீரோடு கலந்து இன்னும் ஆறுகிறது. ஊற்றில் தெர்மாமீட்டரை வைத்தால் ஊற்றின் சூடு தெரியும், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் கீழே என்ன நிலவரம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அப்படி ஒரு சாட்சி, கடுகளவே இருக்கும் ஒரு கல்துணுக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. கனிமம் வளரும்போது அதற்குள் மாட்டிக்கொண்ட ஒரு துளி நீர் அது. புவியியலில் அதற்கு ‘ஃபுளூயிட் இன்குளூஷன்’ என்று பெயர். இந்தக் கட்டுரையில் ‘அடைபட்ட துளி’ என்றே சொல்கிறேன்.

அத்தைக்கு ஒரு போத்தலை வைத்துத்தான் விளக்கினேன். ஒரு லிட்டர் கண்ணாடிப் போத்தலில் 100 டிகிரி கொதிநீரை விளிம்பு வரை, துளி இடம்கூட விடாமல் நிரப்புங்கள். காற்று புகாமல் இறுக மூடுங்கள். ராத்திரி முழுக்க ஆற விட்டுக் காலையில் பார்த்தால் மேலே ஓர் இடைவெளி இருக்கும். நீர் எங்கும் போகவில்லை. ஆறும்போது சுருங்கிவிட்டது. 100 டிகிரியில் இருந்த நீர் அறையின் சூட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்கும். அதாவது லிட்டருக்கு 40 மில்லி, சின்னக் கோப்பையில் பாதி. போத்தலை 70 டிகிரியில் மூடியிருந்தால் இடைவெளி இன்னும் சின்னதாக இருந்திருக்கும்.

ஆக, இடைவெளி எவ்வளவு என்று பார்த்தாலே, மூடியபோது நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அதைவிட நேரான வழியும் உண்டு. போத்தலை மறுபடி மெதுவாகச் சூடாக்கினால் நீர் விரிந்து விரிந்து இடைவெளி குறையும். எந்த டிகிரியில் இடைவெளி சுத்தமாக மறைகிறதோ, அதுதான் மூடிய நேரத்துச் சூடு. (மூடிய போத்தலை வீட்டில் சூடாக்கிப் பார்க்க வேண்டாம், வெடித்துவிடும். கணக்கு புரிந்தால் போதும்.)

இதே கதைதான் கல்லுக்குள்ளும் நடக்கிறது. பூமிக்கடியில் பாறை வெடிப்புகள் வழியாக ஓடும் வெந்நீரில் சிலிக்கா, சுண்ணாம்பு எல்லாம் கரைந்திருக்கும். நீர் ஆறும்போதோ கொதிக்கும்போதோ அவை வெடிப்பின் சுவரில் குவார்ட்ஸாகவும் கால்சைட்டாகவும் படிகின்றன. படிகம் ஒரே சீராக வளர்வதில்லை. ஓர் இடம் முந்தும், ஓர் இடம் பிந்தும், நடுவில் சின்னக் குழி விழும். குழிக்குள் அந்த நேரத்து நீர் நின்றிருக்க, அடுத்த அடுக்கு வளர்ந்து வாயை மூடிவிடும். அப்போது உள்ளே காற்றும் இல்லை, குமிழும் இல்லை, நீர் மட்டும்தான். பிறகு கல் ஆறும்போது உள்ளே இருக்கும் நீர் கல்லைவிட அதிகமாகச் சுருங்கும். அதனால் விழும் வெற்றிடத்தில் நீராவிக் குமிழ் ஒன்று தோன்றும். 200 டிகிரியில் மூடிய துளியில், அறையின் சூட்டில் பார்க்கும்போது குமிழ் ஏறக்குறைய 13 சதவீத இடத்தைப் பிடித்திருக்கும். 250 டிகிரியில் மூடியதில் 20 சதவீதம். 300 என்றால் 28, 29 சதவீதம்.

படிகங்களுக்குள் நீர் இருப்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். ஹம்ஃப்ரி டேவி 1822-லேயே அப்படிப்பட்ட குழிகளைத் திறந்து உள்ளே இருந்ததைச் சோதித்திருக்கிறார். ஆனால் ‘குமிழ் என்பது சுருக்கத்தின் அடையாளம், சூடாக்கி அதை மறையவைத்தால் படிகம் பிறந்த வெப்பநிலை கிடைக்கும்’ என்று சொன்னவர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. ஷெஃபீல்டைச் சேர்ந்த இந்த ஆங்கிலேயர் 1858-ல் அதை எழுதினார். மலையையே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதா என்று அந்தக் காலத்தில் பலர் நம்பவில்லை. இன்றைக்கு உலகத்தில் எந்தப் புவிவெப்ப ஆய்வுக்கூடத்திலும் நடப்பது சோர்பி சொன்ன அதே வேலைதான். கருவிதான் மாறியிருக்கிறது.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான துளிகள் 5 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் குறுக்களவு 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முடிக்குள் நான்கைந்து துளிகளை வரிசையாக நிறுத்தலாம். கிணறு தோண்டும்போது மேலே வரும் சேற்றோடு சில மில்லிமீட்டர் அளவுக் கல்துணுக்குகள் வரும். அவற்றில் தெளிவான குவார்ட்ஸைப் பொறுக்கி எடுத்து, பசையில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்கு இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் பளபளக்கும் வரை தேய்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் வெளிச்சம் ஒழுங்காக ஊடுருவாது, துளி தெரியாது. அந்தத் தகட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு சின்னச் சூட்டுமேடையில் வைப்பார்கள். அந்த மேடை திரவ நைட்ரஜனால் பூஜ்யத்துக்குக் கீழே 190 டிகிரி வரைக்கும் குளிர வைக்கும், அப்புறம் 600 டிகிரி வரைக்கும் சூடாக்கும்.

நான் முதன்முதலில் அளந்த துளி எனக்கு இன்னும் மறக்கவில்லை. வெள்ளரி விதை மாதிரி ஒரு வடிவம். உள்ளே கறுத்த விளிம்போடு ஒரு குமிழ். அந்தக் குமிழ் சும்மா இருக்கவில்லை. எந்தச் சூடும் கொடுக்காமலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் முட்டித் தள்ளுவதால் வரும் நடுக்கம் அது. குமிழ் தோன்றிய நாளிலிருந்து அந்த ஆட்டம் நிற்கவே இல்லை என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

சூட்டை ஏற்றினேன். 100 டிகிரி வரை பெரிய மாற்றம் தெரியவில்லை. 150-க்கு மேல் குமிழ் சிறுத்தது, ஆட்டம் வேகமானது. 220-ல் ஒரு புள்ளியாகி மூலைக்கு மூலை ஓடியது. அங்கிருந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக ஏற்றினேன். 236-ல் காணோம். ஆனால் உண்மையிலேயே மறைந்ததா, இல்லை இருட்டான மூலையில் ஒளிந்திருக்கிறதா? இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. சூட்டைச் சில டிகிரி இறக்கிப் பார்க்க வேண்டும். குமிழ் ஒளிந்துதான் இருந்தது என்றால், இறக்கிய உடனே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வெளியே வரும். சுத்தமாக மறைந்திருந்தால் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. புதுக் குமிழ் பிறப்பது நீருக்குக் கஷ்டமான காரியம். பல டிகிரி, சில சமயம் பல பத்து டிகிரி ஆறிய பிறகுதான் ‘டப்’ என்று முழு அளவில் தோன்றும். என் துளியில் அப்படித்தான் தோன்றியது. 236 என்று குறித்துக்கொண்டேன்.

இப்படி ஒரு துளியை அளந்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எந்தத் துளியை நம்புவது என்பதில்தான் அனுபவம் பேசும்.

இந்த இடத்தில் அத்தைக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவர் தொழிலே உதாரணமாக இருந்தது. முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். கத்தி போன கோடு ஆறிப் புதுப்பட்டை மூடினாலும் தழும்பு தெரியும், மரம் தானாக வளர்த்த பட்டைக்கும் வெட்டு ஆறி வந்த பட்டைக்கும் வித்தியாசம் அவருக்குத் தொட்டாலே தெரியும். கல்லிலும் அதே மாதிரிதான். படிகம் வளரும்போதே அடுக்குகளோடு மாட்டிய துளிகள் ஒரு வகை. படிகம் முழுக்க வளர்ந்து முடிந்த பிறகு விரிசல் விட்டு, அதற்குள் புது நீர் புகுந்து, விரிசல் ஆறும்போது வரிசையாக மாட்டிக்கொண்ட துளிகள் இன்னொரு வகை. முதல் வகை படிகம் பிறந்த நாளைச் சொல்லும். இரண்டாம் வகை பின்னால் நடந்ததைச் சொல்லும். “அப்போ தழும்புல இருக்கிறதுதான் கடைசி வெட்டோட கதை” என்றார் அத்தை. ஆமாம். இன்றைய சூட்டைத் தேடுபவர்களுக்குப் பல நேரம் அந்தத் தழும்புத் துளிகள்தான் அதிகம் உதவும். கனிமத் தாது எப்போது உருவானது என்று தேடுபவர் வளர்ச்சித் துளிகளைத் தேடுவார். எந்தக் கேள்வியோ அதற்கேற்ற துளி.

ஏமாற்றும் துளிகளும் உண்டு. நீளமான துளி ஒன்று காலப்போக்கில் இடுப்பு சிறுத்து இரண்டாகப் பிரியும். குமிழ் ஏற்கெனவே தோன்றிய பிறகு பிரிந்தால் ஒரு பாதிக்குக் குமிழ் முழுக்கப் போய்விடும், இன்னொரு பாதிக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டையும் அளந்தால் இரண்டுமே பொய் சொல்லும். பக்கத்துப் பக்கத்துத் துளிகளில் குமிழின் விகிதம் கன்னாபின்னாவென்று மாறினால் சந்தேகப்பட வேண்டும். கால்சைட், ஃபுளோரைட் போன்ற மென்மையான கனிமங்களில் வேறு தொல்லை. அதிகமாகச் சூடாக்கினால் உள்ளழுத்தத்தில் குழியே கொஞ்சம் விரிந்துவிடும், அப்புறம் அளக்கும் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். உறைய வைத்தாலும் ஐஸ் விரிந்து இதே கேடு. அதனால் அவற்றில் குறைந்த சூட்டில் மறையும் துளிகளை முதலில் அளந்துவிட்டு மெல்ல மேலே போக வேண்டும், குளிரச் செய்யும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். குவார்ட்ஸ் உறுதியானது, இவ்வளவு செல்லம் கேட்காது.

குளிரச் செய்வது எதற்கு? உப்பைத் தெரிந்துகொள்ள. கடல்நீர் பூஜ்யத்தில் உறையாது, மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையும். துளியை முழுக்க உறைய வைத்து, பிறகு மெதுவாகச் சூடாக்கி, கடைசி ஐஸ் துணுக்கு எந்த டிகிரியில் கரைகிறது என்று பார்த்தால் உப்பின் அளவு கிடைக்கும். மைனஸ் 6.6-ல் கரைந்தால் ஏறக்குறைய 10 சதவீத உப்பு. ஆனால் புவிவெப்பப் புலங்களில், அதாவது நிலத்தடிச் சூடு மிகுந்த இடங்களில், இந்தக் கணக்கு காலை வாரிவிட்டதும் உண்டு. நியூசிலாந்தில் கிணற்று நீரைச் சோதித்தால் உப்பு மிகக் குறைவு, அதே இடத்துத் துளிகளை உறைய வைத்துப் பார்த்தால் உப்பு அதிகம் என்று வந்தது. கரைந்திருந்த கார்பன் டை ஆக்ஸைடும் உறைநிலையைக் கீழே இழுக்கிறது என்பதுதான் காரணம். ஹெடன்குவிஸ்ட்டும் ஹென்லியும் 1985-ல் இதை எடுத்துக்காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஓடிக்கொண்டிருக்கும் வெந்நீரும் அடைபட்ட துளியும் ஒரே இடத்தில் கிடைப்பதால், ஒன்றை வைத்து மற்றதைத் திருத்த முடிந்தது. செத்துப்போன பழைய தாதுப் படிவுகளில் அந்த வசதி கிடையாது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். கிணறுதான் தோண்டியாகிவிட்டதே, தெர்மாமீட்டரை இறக்கிவிட வேண்டியதுதானே, கல்லை ஏன் குடைய வேண்டும் என்று கேட்கலாம். தோண்டும்போது கிணற்றுக்குள் குளிர்ந்த சேற்றுநீரை ஓயாமல் சுழல விடுவார்கள். துளைக் கருவியை ஆற்றவும் கல்துணுக்கை மேலே கொண்டுவரவும் அது வேண்டும். அதனால் சுற்றியுள்ள பாறை ஆறிப்போகிறது. தோண்டி முடித்த பிறகும் பழைய சூடு திரும்ப வாரக்கணக்கில், சில கிணறுகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னும் ஆழமாகப் போகலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி வரும். கல்துணுக்கில் இருக்கும் துளிக்குச் சேற்றுநீர் ஒன்றும் செய்ய முடியாது. அது தன் எண்ணை வைத்துக்கொண்டு அப்படியே மேலே வந்துவிடுகிறது.

அப்புறம் கிணறு பழைய சூட்டுக்குத் திரும்பியதும் தெர்மாமீட்டரையும் இறக்குவார்கள். சுவாரஸ்யமே அங்கேதான் ஆரம்பம். துளி 240 என்கிறது, கிணறும் 240 என்கிறது என்றால் அந்த இடம் வெகுகாலமாக மாறாமல் இருக்கிறது. துளி 260, கிணறு 210 என்றால் அந்த இடம் ஆறிவிட்டது. குளிர்ந்த நீர் ஓரத்திலிருந்து உள்ளே புகுந்திருக்கலாம், இல்லை சூட்டின் மையமே நகர்ந்திருக்கலாம். துளி 200, கிணறு 250 என்றால் புலம் சூடேறிக்கொண்டிருக்கிறது. இப்படிப் பல கிணறுகளில், பல ஆழங்களில் பார்த்து வரைந்தால், வெந்நீர் எங்கிருந்து ஏறி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் ஓய்கிறது என்று தெரியவரும். அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்ற முடிவு அந்த வரைபடத்திலிருந்து வரும். ஒரு கிணற்றுக்கு எவ்வளவு பணம் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எபிடோட் என்றொரு பச்சை மஞ்சள் கனிமம் இருக்கிறது. ஏறக்குறைய 240, 250 டிகிரிக்கு மேல்தான் புவிவெப்பப் புலங்களில் நன்றாக வளரும். கல்துணுக்கில் அது தெரிந்தாலே ‘இங்கே ஒரு காலத்தில் நல்ல சூடு’ என்று பொருள். ஆனால் எபிடோட் சூடு போன பிறகும் அங்கேயே கிடக்கும். பக்கத்துக் கால்சைட்டில் துளிகள் 180 என்றால், எபிடோட் சொல்வது பழைய கதை.

ஒரு திருத்தக் கணக்கும் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். அழுத்தத்தில் நீர் கொஞ்சம் நெருக்கமாக அடைபடும். அதனால் குமிழ் மறையும் டிகிரி, உண்மையில் மாட்டிய சூட்டைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். மலை வேர்களில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மாட்டிய துளிகளுக்கு இந்தத் திருத்தம் பெரியது. புவிவெப்பக் கிணறுகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்தான் என்பதால் அங்கே சின்னது. நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது மாட்டியிருந்தால் திருத்தமே வேண்டாம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரே அடுக்கில் சில துளிகள் நீர் நிறைந்தும் சில துளிகள் ஆவி நிறைந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கொதிக்கும் சட்டியில் நீரும் ஆவியும் கலந்து கிடக்கிற மாதிரி.

கொதிநிலை ஆழத்தோடு ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. தரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 100 மீட்டர் ஆழத்தில் மேலே நிற்கும் நீரின் பாரத்தால் 180 டிகிரி வரை கொதிக்காது. 500 மீட்டரில் 250 டிகிரிக்கு மேல் வேண்டும். கொதித்த துளிகள் 180 என்று சொன்னால், அவை மாட்டியபோது நிலமட்டம் ஏறக்குறைய 100 மீட்டர் மேலே இருந்தது என்று பொருள். இன்றைக்கு அந்தக் கல் 30 மீட்டரிலேயே கிடைத்தால், நடுவில் இருந்த மண்ணும் பாறையும் அரித்துப் போயிருக்கின்றன. ஒரு குமிழ், காணாமல் போன மலையின் உயரத்தைச் சொல்கிறது!

வைராக்கெய், ஓஹாக்கி என்று நியூசிலாந்திலும், பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, ஜப்பான், ஐஸ்லாந்திலும் இந்த முறை வழக்கமான வேலை. வைராக்கெய் மின் நிலையம் 1958-லிருந்து ஓடுகிறது. அங்கெல்லாம் அடியில் எரிமலைச் சூடு இருக்கிறது.

சரி, சுங்கை கிளா? இங்கே எரிமலை இல்லை. பேராக்கின் முதுகெலும்பாக நிற்கும் தீத்திவாங்சா மலைத்தொடர் கருங்கல். மழைநீர் அதன் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே இருக்கும் இயல்பான சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு பிளவு வழியாக வேகமாக மேலே வருகிறது. ஊற்றுக்குப் போகும் வழியில் நான் ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லைப் பொறுக்கி அத்தையிடம் காட்டினேன். “அப்போ இதுக்குள்ள இருக்கிற துளியை அளந்தா இந்தத் தண்ணியோட சூடு தெரிஞ்சிடுமா?” என்றார்.

தெரியாது. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்தக் கருங்கல் உறைந்து 20 கோடி ஆண்டு ஆகிறது. அதன் குவார்ட்ஸ் நரம்புகளில் இருக்கும் துளிகள் பெரும்பாலும் அந்தக் காலத்து வெந்நீர். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குக்கு வெள்ளீயத்தைக் கொண்டுவந்து சேர்த்த நீரின் உறவு. நம் முட்டையை வேகவைக்கும் நீருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. துளி பொய் சொல்லாது, ஆனால் தன் காலத்தைப் பற்றித்தான் பேசும். எந்தக் காலத்தில் வளர்ந்த கனிமம் என்று தெரியாமல் அதன் எண்ணை எடுத்து இன்றைய ஊற்றுக்கு ஒட்டக் கூடாது.

இந்த ஊற்றுக்கு வேண்டுமானால் நீரையே கேட்கலாம். சூடு ஏற ஏற நீர் அதிகச் சிலிக்காவைக் கரைக்கும். 100 டிகிரியில் குவார்ட்ஸோடு நெடுநாள் இருந்த நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் போல இருக்கும், 200 டிகிரியில் 260 போல. நீர் வேகமாக மேலே வந்தால் அந்தச் சிலிக்கா உடனே படிந்துவிடாது, கரைந்தபடியே வரும். ஒரு போத்தல் ஊற்றுநீரை எடுத்துச் சிலிக்காவை அளந்தால் அடிச்சூடு ஓரளவு தெரியும், மேலே வரும் வழியில் குளிர்ந்த நீர் எவ்வளவு கலந்தது என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். சபா மாநிலத்தின் தாவாவ் பக்கம் நிலைமை வேறு, அங்கே பழைய எரிமலைப் பாறைகள் இருக்கின்றன. ஆபாஸ் கிரியில் புவிவெப்ப மின் நிலையம் அமைக்கும் திட்டம் தொடங்கி, நிறைவேறாமல் நின்றுபோனது. அப்படி ஓர் இடத்தில் கிணறு தோண்டினால்தான் நம் நாட்டிலும் துளிகளுக்கு உண்மையான வேலை வரும். நான் ஆசையோடு காத்திருக்கிறேன்.

அத்தை கூடையைத் தூக்கி ஒரு முட்டையை உடைத்தார். வெள்ளைக்கரு வெந்து, மஞ்சள் நடுவில் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. மிளகுத்தூள் தூவி என்னிடம் நீட்டிவிட்டு, அந்த வெள்ளைக் கல்லை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். “அடுத்த தடவை வரும்போது இதைத் தேய்ச்சுக் கொண்டா. அந்தக் குமிழு ஆடுறதை நானும் பார்க்கணும்.”